வீட்டுக்காரன் என் மகன்

ஜூட் ராசா,

நீ போனை எடுக்காதபடியால் எழுதுகிறேன். என் இத்தாலி மொழி கதைப்பதற்குப் போதும், எழுதுவதற்குப் போதாது. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், ஆனால் வேகமாக வராது. அதுவும் நல்லதுதான். குரல் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவாய். சொல் சொல்லாக வாசித்தால் கோபம் ஆறக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். கடைசியாகக் கதைத்தபோது, "நீங்கள் ஆருடைய அம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். ஆனால் எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதி, அதுவும் ஒரு சட்டத்தரணியின் கடிதம் வழியாகத் தெரிந்தது. மற்றப் பாதியை நான்தான் சொல்ல வேண்டும்.

நீ அந்த வீட்டை வாங்கியபோது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கிற சனத்திடமெல்லாம், "மகன் பல்லரோச் சந்தைக்குப் பின்னால வீடு வாங்கிட்டான், சொந்தமா" என்று சொன்னேன். பொலோஞ்ஞாவில் களஞ்சியத்தில் பெட்டி தூக்கி, சாப்பாட்டுப் பையோடு ரயிலில் தூங்கி விழுந்து நீ சேர்த்ததில் வாங்கிய வீடு. அல்பெர்கேரியாவில் ஒடுக்கமான ஒழுங்கை, நிலத்தளம், இரண்டு அறை, ஒரு குசினி. பெரிய வீடு இல்லை. ஆனால் பலெர்மோவில் மற்றவர்களின் வீடுகளைத் துடைத்தே வயதுபோன எனக்கு, என் பிள்ளையின் பெயர் ஒரு வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது. வீட்டுத் திறப்பை என் கையில் தந்து, "அம்மா, இஞ்சை நீங்கள்தான் பொறுப்பு" என்றாய். பெருமையோடு வாங்கினேன். பொறுப்பு என்ற சொல்லை நீ எந்த அர்த்தத்தில் சொன்னாயோ, நான் எந்த அர்த்தத்தில் வாங்கினேனோ தெரியாது. அந்த இடத்திலேயே நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு பாதையில் போய்விட்டோம் போலிருக்கிறது.

நீ ஏன் வீடு வாங்கினாய் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த முதல் வீட்டை நீ மறந்திருக்க மாட்டாய். வெளியூர்ச் சனம் சிசிலி என்றால் வெயில் என்று நினைக்கிறது. தை மாதத்தில் தெருவில் நின்றால் வெயில்தான். வீட்டுக்குள் வந்தால்தான் கம்பளிச் சட்டை தேட வேண்டும். இங்கே குளிர் வெளியில் இல்லை, சுவருக்குள் இருக்கிறது. அந்த வீட்டில் சூடாக்கி கிடையாது. உன் கட்டிலோடு ஒட்டிய சுவரில் பூஞ்சணம் சின்னக் கறுப்புப் புள்ளிகளாகத் தொடங்கும், மாரி முடிவதற்குள் பாய் விரித்தமாதிரிப் பரந்துவிடும். நான் பிளீச் போட்டுத் துடைப்பேன், அடுத்த மழையோடு திரும்பி வரும். வீட்டுக்காரக் கிழவர் வந்து மூக்கைச் சுளித்துப் பார்த்துவிட்டு, "சிஞ்ஞோரா, நீங்கள் அதிகம் சமைக்கிறீர்கள். யன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார். எழுத்தில் ஒப்பந்தம் ஒன்றும் இல்லை. அவர் கோபித்தால் விலாசம் போய்விடும், விலாசம் போனால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. ஆகையால் அப்பாவும் நானும் "சரி, சிஞ்ஞோரே" என்று தலையை ஆட்டுவோம்.

நாலாம் வகுப்பில் ஒருநாள் நீ அப்பாவின் வாசனைத் தண்ணீரை உன் ஜக்கெற்றில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். போத்தல் வெறுமையாகிவிட்டது என்று நான் உன்னை ஏசினேன். உன் ஆசிரியைதான் பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பக்கத்தில் இருந்த பையன் நீ நிலவறைபோல மணக்கிறாய் என்று சொல்லி வேறு மேசைக்குப் போய்விட்டானாம். நீ வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றைக்கே மனதுக்குள் ஒரு வீட்டை வாங்கிவிட்டாய் என்று நான் நினைக்கிறேன். அதனால் நீ செய்ததைத் தூக்கி எறிந்து கதைக்க என்னால் முடியவில்லை. அதனாலேயே அதை லேசில் விடவும் முடியவில்லை.

போன புரட்டாதியில் நீ லீவில் வந்து வீட்டுக்கு வெள்ளை அடித்தாய். நான் மத்தியானச் சாப்பாட்டோடு வந்தேன். உள் அறையில், முற்றத்துப் பக்கச் சுவரின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கறை. கையை வைத்துப் பார்த்தேன். வெளியில் அவ்வளவு வெயில், அந்த இடம் மட்டும் மண்பானைபோலக் குளிர்ந்திருந்தது.

"இதென்ன மகன்?" என்று கேட்டேன்.

"பழைய கறை அம்மா. பூஞ்சணத்துக்கெண்டே ஒரு பெயின்ற் இருக்கு, வாங்கி வைச்சிருக்கிறன். ரெண்டு கோட் அடிச்சா இருந்த இடமே தெரியாது."

சொன்னபடியே இருந்த இடம் தெரியவில்லை. பின்னேரம் வீடு புதுச் சட்டை போட்ட பிள்ளைபோல இருந்தது. நானும் பார்த்து மகிழ்ந்தேன்.

பிறகு சிந்துஜாவும் ரமணனும் வாடகைக்கு வந்தார்கள். ரமணன் கடற்கரைப் பக்கம் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவன், யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம். அவன் மனைவி சிந்துஜா ஊரிலிருந்து வந்து சேர்ந்து அதிக காலம் இல்லை. குழந்தை ஆதிரன் அப்போது கைக்குழந்தை. இன்னொரு குடும்பத்தோடு ஒரே அறையில் திரை கட்டி இருந்தவர்கள். உன் வீட்டுச் சுவரைச் சிந்துஜா உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "புது வீடு மாதிரி இருக்கு அன்ரி" என்றாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் ஒப்பந்தம் எழுதினீர்கள். நீ வரி வரியாக இத்தாலியில் வாசித்துத் தமிழில் சொன்னாய். வீட்டைப் பார்த்தோம், நல்ல நிலையில் இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு வரி. ரமணன் உடனே கையெழுத்து வைத்தான். நான் தேநீர் ஊற்றினேன். நீ எங்களுடைய கிழவரைப்போல இல்லாமல் எழுத்தில் ஒப்பந்தம் கொடுத்தாய், பதிவும் செய்தாய் என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமை இப்போதும் இருக்கிறது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கார்த்திகை மழை தொடங்கியதும் சிந்துஜா போன் எடுத்தாள். போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சு அப்பளம் பொரிந்ததுபோலக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் தொட்டால் உடைந்து விழுந்தது, உள்ளே கறுப்பு. குழந்தையின் கட்டிலை அவள் சுவரிலிருந்து இழுத்து நடு அறையில் போட்டிருந்தாள். மெத்தையைத் தூக்கிக் காட்டினாள், அடிப்பக்கம் நனைந்து புள்ளி விழுந்திருந்தது. நான் அங்கேயே நின்று உனக்கு வீடியோவில் காட்டினேன்.

"அது கொண்டென்சா அம்மா," என்றாய். "அவையள் யன்னலைப் பூட்டிப்போட்டுச் சோறு வடிக்கினம், உடுப்பை உள்ளுக்கை காயப்போடுகினம். அந்த ஆவிதான் சுவரிலை படியுது. யன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கோ."

"பிள்ளை இருமுறான் மகன்."

"மாரியிலை எல்லாப் பிள்ளையளும் இருமும்."

நான் அவளிடம் திரும்பி, நீ சொன்னதை அப்படியே சொன்னேன். சமைக்கிற ஆவி பிள்ளை, யன்னலைத் திறந்து வை என்று. சொல்லி முடித்தபிறகுதான் அது யாருடைய பேச்சு என்று என் காதுக்கே கேட்டது. சிந்துஜா "ஓம் அன்ரி" என்றாள். நாங்கள் அந்தக் கிழவரிடம் தலையை ஆட்டியதுபோலவே தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் அந்த வீட்டு யன்னல் திறந்திருந்தது. மழைச் சாரல் உள்ளே அடிக்கும், அவள் குழந்தையை இரண்டு போர்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குசினியில் இருப்பாள். ஒருநாள் அடுப்பில் ஒன்றும் இல்லை. "சமைக்கேல்லையே பிள்ளை?" என்று கேட்டேன். "நான் இப்ப சோறே வடிக்கிறேல்லை அன்ரி. பாண்தான். உடுப்பெல்லாம் மெசினுக்கு வெளியிலை குடுத்துக் காயவைச்சு எடுக்கிறம். பிறகும் சுவர் நனையுது" என்றாள். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. இன்னும் எதைக் குறைத்தால் சுவர் காயும் என்று என்னிடமே கேட்பதுபோலச் சொன்னாள். அன்றைக்கும் உனக்குப் போன் எடுத்தேன். "வெய்யில் வந்தாக் காய்ஞ்சிடும் அம்மா, கோடையிலை பாப்பம்" என்றாய். உனக்கு வங்கிக் கடன் இருக்கிறது, வேலை இருக்கிறது, அவ்வளவு தூரத்தில் இருக்கிறாய். நான் அதற்கு மேல் உன்னை வற்புறுத்தவில்லை.

மார்கழியில் ஒரு முற்பகல், நான் வேலை செய்கிற வீட்டில் துணி அழுத்திக்கொண்டு நின்றபோது சிந்துஜா அழைத்தாள். குழந்தை பால் குடிக்கிறானில்லை, மூச்சு எடுக்கும்போது நெஞ்சு உள்ளே போகிறது என்றாள். ரமணன் வேலையில். நான் சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். வாசலுக்கு வரும்போதே அந்தச் சத்தம் கேட்டது. பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு இழுப்பு. குழந்தையின் உதட்டைச் சுற்றி நிறம் மாறியிருந்தது. டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரைக்கும் அவள் அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செபமாலைச் செபத்தை எங்கே தொடங்கினேன், எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஒட்சிசன் கொடுத்து, குழந்தை கொஞ்சம் ஆறுதலாக மூச்சு விடத் தொடங்கிய பிறகு ஒரு இளம் பெண் டொக்டர் வந்தார். சிந்துஜாவுக்கு இத்தாலி மொழி வராது. நான்தான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னேன். பிள்ளை எத்தனையாம் மாதத்தில் பிறந்தான், தாய்ப்பாலா, வீட்டில் யாராவது புகைப்பார்களா, நாய் பூனை உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு, "வீட்டில் ஈரம் இருக்கிறதா? முஃபா?" என்று கேட்டார். முஃபா என்றால் பூஞ்சணம். சிந்துஜாவுக்கு அந்த ஒரு சொல் தெரியும், இந்த மாரியில் படித்த சொல். நான் தமிழில் சொல்வதற்கு முன்னமே என் கையைப் பிடித்தாள்.

"இல்லையெண்டு சொல்லுங்கோ அன்ரி. எழுதி வைச்சினமெண்டா வீட்டாலை எழுப்பிப் போடுவினம். நாங்கள் எங்கை போறது?"

ராசா, அந்த இடத்தில் என்னை வைத்துப் பார். தாய் இல்லை என்று சொல்லச் சொல்கிறாள். இல்லை என்று சொன்னால் அவளுக்கும் நிம்மதி, உனக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் கெட்ட பெயர் இல்லை. மொழிபெயர்க்கிறவள் சொன்னதைத்தானே சொல்ல வேண்டும். டொக்டர் மருந்து எழுதித் தருவார், குழந்தை தேறுவான், நாங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பவும் அதே சுவருக்குப் பக்கத்தில் கிடத்துவோம். அவனுடைய மூக்கில் சின்னக் குழாய் ஒட்டியிருந்தது. கன்னத்தில் பிளாஸ்டர். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"இருக்கிறது, டொத்தோரேசா," என்றேன். "சுவர் முழுக்க இருக்கிறது. பிள்ளை படுக்கிற அறையில்."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும். வீட்டுக்காரன் என் மகன்."

அவருடைய பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை. "அப்படியென்றால் நான் சரியான ஆளிடம்தான் சொல்கிறேன்," என்றார். "இந்தக் குழந்தை அந்த அறைக்குத் திரும்பிப் போகக் கூடாது. அதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்."

நான் இல்லையென்று சொல்லவில்லை என்பதைச் சிந்துஜா விளங்கிக்கொண்டாள். விறாந்தைக்கு வந்ததும் அழுதாள். நன்றியில் அழவில்லை. "அன்ரி, நீங்கள் உங்கட மனச்சாட்சிக்குச் சொல்லிப்போட்டியள். உங்களுக்குப் போய்ப் படுக்க வீடு இருக்கு. எங்களுக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. உண்மையைச் சொன்னதால் நான் நல்லவளாகிவிட்டேன், அவள் வீடில்லாதவளாகிவிட்டாள். அந்த விறாந்தையில் நின்றுதான், ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று சொன்னேன். அப்பாவிடம் கேட்காமல் சொன்னேன்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இஞ்சரும், பெத்த பிள்ளையை ஆராவது காட்டிக் குடுப்பினமே?" என்று கேட்டார்.

"காட்டிக் குடுக்கேல்லையப்பா. கேட்டதுக்குச் சொன்னனான்."

"எல்லாத்துக்கும் வாய் திறக்கவேணுமே? அவன் எங்களுக்கு எவ்வளவு செய்யிறான்."

திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபத்தில் போகிறார் என்று விட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது சப்பாத்தெல்லாம் உன் வீட்டுச் சுண்ணாம்பு. கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார். பிறகு, "பூச்சு சுவரிலை நிக்கேல்லை. பெயின்றிலைதான் நிக்குது. தட்டினா உள்ளுக்குக் கை போகுது" என்றார். அடுத்த நாள் விடிந்ததும் மொண்டெல்லோவில் அவர் பார்க்கிற தோட்டத்துக்குப் போகவில்லை. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தார். ரமணன் பயந்துபோய் நின்றான், வீட்டை உடைத்தால் தன் தலையில் விழும் என்று. "என்ர மகன்ர சுவர். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் அப்பா.

உன் வெள்ளைக்குக் கீழே ஒரு மஞ்சள் இருந்தது. மஞ்சளுக்குக் கீழே ஒரு நீலம். ஒவ்வொன்றின் முதுகிலும் கறுப்பு. உனக்கு முன்னால் அந்த வீட்டை வைத்திருந்தவர்களும் மழை முடிய முடிய நிறம் மாற்றியிருக்கிறார்கள். பூச்சு முழுக்க விழுந்தபிறகு உள்ளே ஒரு பழைய இரும்புக் குழாய் தெரிந்தது. மொட்டைமாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய். சுவருக்குள் பதித்து வைத்திருக்கிறார்கள். அதன் பொருத்து உடைந்து, மேலே விழுகிற மழையெல்லாம் சுவர்க் கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் கட்டில் நின்றதற்கு நேரே.

அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்தார். "சோத்து ஆவியாம்," என்றார். உளியைக் கீழே வைத்துவிட்டு, "அவன் இதை வேணுமெண்டு செய்யேல்லை" என்றார்.

"ஓம். வேணுமெண்டு செய்யேல்லை," என்றேன். "பாக்கேல்லை."

படம் எடுத்து உனக்கு அனுப்பியது அவர்தான். நீ பார்த்ததற்கான நீல அடையாளம் உடனே விழுந்தது. பதில் விழவில்லை. அந்த நாள் முழுக்க அப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டத்தரணியிடம் போனது அதற்குப் பிறகுதான். கோவில் மண்டபத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஒரு பெண் சட்டத்தரணி வருவார். ரமணன் வரமாட்டேன் என்றான். சிந்துஜாதான், "போவம், கேட்டாவது பாப்பம்" என்றாள். மண்டபத்திலும் சூடாக்கி இல்லை, சட்டத்தரணி மேலங்கியைக் கழற்றாமலே இருந்து கேட்டார். ரமணன் முதலில் சொன்னது, "நாங்கள் வீட்டைப் பாத்துத்தான் கையெழுத்து வைச்சனாங்கள்" என்பதுதான். தான் கையெழுத்து வைத்ததால் பிழை தன்னுடையது என்று அவன் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் அதை மொழிபெயர்த்தேன்.

அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். வீட்டை வாடகைக்குக் கொடுக்கிறவர் நல்ல நிலையில் கொடுக்க வேண்டும், அது போதாது, அவர்கள் இருக்கிற காலம் முழுக்கக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருக்கவும் வேண்டும். தேய்ந்துபோன சின்னச் சின்னச் சாமான்களைத் திருத்துவது குடியிருப்பவரின் வேலை. சுவர், கூரை, சுவருக்குள் இருக்கிற குழாய் எல்லாம் உரிமையாளரின் வேலை. வீட்டிலுள்ள குறை உடல்நலத்தைப் பெரிதாகக் கெடுக்கிறது என்றால், குடியிருப்பவர் முன்னமே அதைப் பார்த்திருந்தாலும், தெரிந்தே கையெழுத்து வைத்திருந்தாலும், ஒப்பந்தத்தை முறிக்க அவருக்கு உரிமை உண்டு. நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிய வரி அதைத் தடுக்காது. வாடகையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், முதலில் எழுத்தில் கேட்போம் என்றார். குளிரைப் பற்றி நான் கேட்டேன். காலநிலைக்குத் தேவையான இடத்தில் வீட்டில் சூடாக்க வழி இருக்க வேண்டும் என்றுதான் விதி, பலெர்மோவில் தேவையா இல்லையா என்று வாதாடுகிறவர்கள் உண்டு என்று சிரித்துக்கொண்டே தன் மேலங்கியைக் காட்டினார். "ஆனால் நனைந்த சுவரைப் பற்றி வாதாட ஒன்றும் இல்லை," என்றார்.

பிறகு உரிமையாளரின் பெயரைக் கேட்டார். சொன்னேன். நான் யார் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு, "சிஞ்ஞோரா, இதை நீங்கள் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வேறு ஆளை ஒழுங்கு செய்யலாம்" என்றார். வேறு ஆள் சொன்னால் என் மகன் நம்பமாட்டான் என்று சொன்னேன். அந்தக் கடிதம் உனக்கு வந்தது அப்படித்தான். நீ உடனே முகவர் மூலமாக, மாத முடிவில் வீட்டை விட வேண்டும், சுவரைப் பழுதாக்கியவர்கள் அவர்கள் என்று எழுதி அனுப்பினாய். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அன்றைக்குத்தான்.

சட்டத்தை நீ உன்மேல் எறிந்த கல்லாக நினைக்கிறாய். அது புதிதாக வந்த சட்டம் இல்லை. ஸ்தாசியோனே வீட்டில் உன் கட்டில் நனைந்துகொண்டிருந்தபோதும் அது இருந்ததாம். எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டோம், பெர்மெஸ்ஸோவை நினைத்துப் பயந்திருப்போம். அந்தக் கிழவரும் தன்னைக் கெட்டவர் என்று நினைத்திருக்க மாட்டார். தன் வீட்டைத் தந்து உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார். உன்னை அவரோடு ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சிந்துஜாவின் பக்கத்தில் நின்று பார்த்தால் உங்கள் இருவருக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை நீதான் காட்ட வேண்டும்.

அந்தக் குழாய் உன்னுடையது மட்டும் இல்லை. மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் கட்டடத்தில் உள்ள எல்லோருக்கும் பொது, அதைத் திருத்துவது எல்லோருடைய கடமை என்று சட்டத்தரணி சொன்னார். கட்டட நிர்வாகியிடம் கேட்க வேண்டியவர் உரிமையாளர். அப்பா போய்க் கேட்டார். "நீங்கள் யார்? உங்கள் மகனை வரச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆகவே சுவர் திறந்தபடி நிற்கிறது. மழை பெய்தால் இப்போது தண்ணீர் மறைவாக இறங்கவில்லை, தரையில் விழுகிறது. ரமணன் வேலைக்குப் போகுமுன் எங்கள் வீட்டிலிருந்து அங்கே போய் வாளியை ஊற்றிவிட்டுப் போகிறான். வெளியேறச் சொன்ன வீட்டுக்கு அவன் அதைச் செய்கிறான்.

விற்றுவிடலாம் என்று நீ அப்பாவின் தம்பியிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். விற்கலாம். உன்னுடையது. அப்படியென்றால் வாங்குகிறவனுக்கு அந்தக் குழாயைக் காட்டிவிட்டு விற்றுக்கொள். இன்னொரு நிறம் அடித்து விற்காதே. அதை மட்டும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஆதிரனுக்கு இப்போது இருமல் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை. காலையும் மாலையும் முகத்தில் சின்னக் கோப்பையை வைத்து மருந்துப் புகை பிடிக்க வேண்டும். அவன் அழுவான், அப்பா தன் முகத்தில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு எதிரில் இருப்பார், அவன் பார்த்துச் சிரிக்கும் நேரத்தில் சிந்துஜா மருந்தைக் கொடுத்துவிடுவாள். ஓடித் திரிகிற வயதிலும் இழுப்பு வருமா என்று டொக்டரிடம் கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலோடு நான் தினமும் எழும்புகிறேன். நீயும் அதோடு எழும்ப வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். உன்னை வதைப்பதற்காக இல்லை.

நீ பதில் தராவிட்டால் நீதிமன்றத்துக்குப் போவோம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். அங்கே சுவரைப் பார்த்தவர்கள் யார் என்று கேட்பார்களாம். வெள்ளை அடிப்பதற்கு முன்னால் அந்தக் கறையைக் கையால் தொட்டுப் பார்த்தவள் உன்னைத் தவிர நான் ஒருத்திதான். கேட்டால் சொல்வேன். கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன். அப்பாவும் இப்போது அதற்கு மறுப்புச் சொல்வதில்லை. அது வருமுன் நீயே வந்து நிர்வாகியிடம் போனால் எனக்கு அந்தச் சாட்சிக் கதிரையில் ஏறி இருக்கிற கொடுமை வராது. வராமல் வழக்கென்று வந்தாலும் நீ பலெர்மோவுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

எப்படி வந்தாலும் ஹோட்டலில் அறை எடுக்காதே. காலையில் உனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு வந்து மத்தியானம் உனக்குச் சோறு போட என்னால் முடியும். நீயும் சாப்பிடுவாய், எனக்குத் தெரியும். சிந்துஜா எழும்பிப் போய்க் குசினியில் நிற்பாள், அவளை நான் மேசைக்குக் கூப்பிடுவேன், நீ அதற்கு முகத்தைச் சுளிக்கக் கூடாது. ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். உன் அறையில் பிள்ளை படுக்கிறான். எங்கள் வீட்டில் பின்னேரம்வரை வெயில் விழுகிற அறை அது ஒன்றுதான். நீ கூடத்தில்தான் படுக்க வேண்டியிருக்கும்.

அம்மா